மகனின் சைக்கிளுக்காக மாட்டு டாக்டர் செய்த டயர்! யார் இந்த டன்லப்?

டன்லப் என்றதும் டயர் கம்பெனிதான் நினைவுக்கு வரும். சென்னைக்காரர்களுக்கு அம்பத்தூர் தொழிற்சாலையும் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். அதுவும் ஒரு கால்நடை மருத்துவரின் பெயர்.

ஜான் பாய்ட் டன்லப் 1840-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். பிறகு அயர்லாந்துக்குப் போய், பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவமனை நடத்தினார்.

மகனுக்காக வந்த யோசனை

அப்போது சைக்கிள்களில் இருந்தது கெட்டி ரப்பர் டயர். கல் பதித்த தெருவில் ஓட்டினால் உடம்பே குலுங்கிவிடும். மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக 1887-ல் ரப்பர் குழாயில் காற்றடித்து, ஒரு மரச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார் டன்லப். இரண்டு வகைச் சக்கரத்தையும் உருட்டிவிட்டதில், காற்றடைத்ததுதான் அதிக தூரம் ஓடியது. 1888-ல் காப்புரிமையும் கிடைத்தது.

அளவுதான் சிக்கல்

புது டயர் தடிமனாக இருந்ததால் பழைய சைக்கிளின் ஃபோர்க்குக்குள் நுழையவில்லை. அதற்கென்றே தனி ஃப்ரேம் செய்ய வேண்டியிருந்தது. 1889-ல் வில்லியம் ஹியூம் இந்த டயருடன் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் ஜெயித்த பிறகுதான் கேலி செய்தவர்கள் அடங்கினார்கள்.

கைவிட்டுப் போன காப்புரிமை

அடுத்த ஆண்டே இடி இறங்கியது. ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். டன்லப்புக்கு அது தெரியவே தெரியாது. அவருடைய காப்புரிமை செல்லாமல் போனது. 1896-ல் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டபோது அவர் ஏற்கனவே வெளியேறிவிட்டார். 1921-ல் டப்ளினில் காலமானார். பெயர் உலகம் முழுக்கப் போனது, பெரும் பணம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

உங்க பிக்கப்புக்கும் இதே கேள்விதான்

வேறு அளவு வீல் மாட்டினால் எந்த டயர் வாங்குவது? 265/70 ஆர்17 என்றால் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70%, வீலின் விட்டம் 17 அங்குலம். மொத்த உயரம் சுமார் 803 மி.மீ. 18 அங்குல வீலுக்கு மாறினால் 265/65 ஆர்18 சரியாக வரும், அதன் உயரம் சுமார் 802 மி.மீ. அதாவது வீல் பெரிதானால் பக்கச்சுவர் குறைய வேண்டும், அவ்வளவுதான்.

மொத்த உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். திருப்பும்போது டயர் உரசலாம். ரிம்மின் அகலத்துக்கு டயர் பொருந்துகிறதா என்றும் பாருங்க. முக்கியமாக, டயரில் உள்ள சுமைக் குறியீடு கம்பெனி சொன்னதைவிடக் குறையவே கூடாது. லோடு ஏற்றும் வண்டியில் அதுதான் உயிரைக் காக்கும்.