சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட்டில் 11 விக்கெட்

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் நம் பிளாக்குகளில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அஸ்வினின் சுழலும், 1988ல் ஹிர்வானி எடுத்த 16 விக்கெட்டும் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த மைதானத்தின் முதல் டெஸ்ட்டிலேயே நம்மைச் சுருட்டியவர் ஒரு சுழற்பந்து வீச்சாளர்தான், தெரியுமா? பெயர் ஹெட்லி வெரிட்டி.

1905ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர். இடது கைச் சுழல். யார்க்‌ஷயர் அணிக்கு ஆடத் தொடங்கும்போதே வயது 25. ஜாம்பவான் வில்ஃப்ரெட் ரோட்ஸ் விட்டுப்போன இடம் அது. வேறு யாராக இருந்தாலும் கை நடுங்கியிருக்கும். இவரோ 1932ல் நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக 10 ரன் கொடுத்து 10 விக்கெட்டையும் சாய்த்தார். முதல்தர கிரிக்கெட்டில் இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. டெஸ்ட்டில் பிராட்மேனை 8 முறை அவுட்டாக்கியவர் என்றால் மற்றது உங்களுக்கே புரியும்.

1934 பிப்ரவரியில் ஜார்டின் தலைமையிலான அணியுடன் இங்கே வந்தார். அமர் சிங் 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 335ல் நிறுத்தினார். நாம் பேட் பிடித்ததும் வெரிட்டி 49 ரன்னுக்கு 7 விக்கெட்; இந்தியா 145க்கு ஆல் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் 4. சி.கே. நாயுடுவின் அணி 202 ரன்னில் தோற்றது. ஜார்டின் மீது அவருக்கு அத்தனை மரியாதை. இளைய மகனுக்கு டக்ளஸ் என்று அவர் பெயரையே வைத்தார்.

1938லேயே போர் வரும் என்று ஊகித்து, ராணுவப் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார் வெரிட்டி. 1939 செப்டம்பர் 1, ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்த நாள். அன்று ஹோவ் மைதானத்தில் 9 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். அதோடு அவருடைய முதல்தர கிரிக்கெட் முடிந்தது. வயது 34. ரோட்ஸ் 52 வயதில்கூட டெஸ்ட் ஆடியவர் என்பதை வைத்துப் பார்த்தால், இவரிடம் இன்னும் எத்தனை சீசன் மிச்சமிருந்திருக்கும்!

கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவில் கேப்டன் ஆனார். 1942ல் மறுபடி இந்தியா. இந்த முறை ராஞ்சி ராணுவ முகாம். வயிற்றுக்கடுப்பில் மிகவும் அவதிப்பட்டார். அடுத்த வருடம் ஜூலையில் சிசிலித் தீவில் நடந்த தாக்குதலில், பற்றி எரிந்த தானிய வயலுக்கு நடுவே மார்பில் குண்டு பாய்ந்தது. தன்னை விட்டுவிட்டு முன்னேறும்படி வீரர்களுக்கு உத்தரவிட்டார். உதவியாளர் ஒருவர் மட்டும் கூடவே தங்கினார். இருவரும் ஜெர்மானியரிடம் கைதிகளானார்கள். இத்தாலியின் கசெர்ட்டா நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தும் பலனில்லை. 1943 ஜூலை 31ல் இறந்தார். வயது 38.

அங்கேயே அடக்கம். 1954ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில், இங்கிலாந்து கேப்டன் லென் ஹட்டன் கல்லறைக்குப் போய் யார்க்‌ஷயர் அணியின் டை ஒன்றை அந்தக் கல்லில் கட்டிவிட்டு வந்தார்.