முதல் ஸ்கிரிப்ட் ரிஜெக்ட் ஆனா என்ன பண்ணுவீங்க?

சைபீரியாவில் புவியியல் ஆய்வுக் குழுவோடு சுற்றிவிட்டு, 1954-ல் மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி. 1959-ல் கூடப் படித்த கொஞ்சலோவ்ஸ்கியோடு எழுதிய ஸ்கிரிப்ட், அண்டார்டிகா பற்றியது. லென்ஃபிலிம் ஸ்டூடியோ வேணாம்னு சொல்லிடுச்சு.

நீங்களா இருந்தா? அவங்க பனிக்கண்டத்தை விட்டுட்டு மாஸ்கோ தெருவுக்கு வந்தாங்க. வயலின் கத்துக்கிற ஒரு பொடியன், ரோடு ரோலர் ஓட்டுற ஒரு தொழிலாளி, ஒரே ஒரு நாள். அவ்வளவுதான் கதை. வசனமும் கம்மி. ஆனாலும் 46 நிமிஷப் படத்தோட ஸ்கிரிப்ட்டை முடிக்க ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு! கடைசியில ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போகணும்; அம்மா விடலை. பொடியன் கற்பனையில் மட்டும் அந்தச் சிவப்பு ரோலரை நோக்கி ஓடுறான். படத்தைப் பார்த்தா, அந்த ஆறு மாசம் எங்கே போச்சுன்னு இங்கேதான் புரியும்.

இந்த டிப்ளமோ படம் 1961-ல் நியூயார்க் மாணவர் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது.