மேரி ரட்ணம்: கனடாவில் இருந்து இலங்கைப் பெண்களிடம் வந்த வைத்தியர்

கனடாவின் மொன்றியல் நகரில், சென்ட் லோரன்ட் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெண்ணொருவர் இன்று கருவுற்றால், அவரது கர்ப்பகாலப் பராமரிப்பின் செலவைக் கியூபெக் மாகாணத்தின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி ஏற்கிறது. குழந்தைப்பேறு வாய்க்காத தம்பதியருக்குச் செயற்கை முறைக் கருத்தரிப்புக்கான அரச உதவியும் 2010 முதல் 2015 வரை அங்கு பரவலாக வழங்கப்பட்டது; 2021 முதல் அது வரையறுக்கப்பட்ட அளவில் மீண்டும் வழங்கப்படுகிறது. பரிசோதிப்பவர் பெண் வைத்தியராக இருப்பதும் சாதாரண விடயமாகிவிட்டது.

ஆனால், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அதே நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகம் 1918 வரை தனது மருத்துவ பீடத்தில் பெண்களைச் சேர்க்க மறுத்துவந்தது. கருத்தடைச் சாதனங்களை விற்பதும் விளம்பரம் செய்வதும் 1892 முதல் 1969 வரை கனடாவின் குற்றவியல் சட்டப்படி குற்றமாக இருந்தன.

அந்தக் கனடாவில் பிறந்து, அங்கு குற்றமாகக் கருதப்பட்ட ஒரு பணியை இலங்கையில் தொடக்கிவைத்தவர் வைத்தியர் மேரி ரட்ணம். இன்று ஈழத்தமிழர் பல்லாயிரம் பேர் குடியேறியுள்ள நாட்டிலிருந்து, அதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்தவர் அவர்.

திருமணமும் அதன் விலையும்

மேரி ஹெலன் இர்வின் 1873 ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் எலோரா என்ற ஊரில் பிறந்தார். பெண்களுக்கெனத் தனியாக மருத்துவக் கல்லூரி நடத்தப்பட்ட ரொறன்ரோவில் மருத்துவம் பயின்றார். இலங்கையில் மருத்துவப் பணியாற்றுவதற்கு அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவு செய்தது.

யாழ்ப்பாணத்தில் அந்த மிஷனின் மருத்துவப் பணிக்கு ஏற்கனவே நீண்ட வரலாறு இருந்தது. 1847 இல் அங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததோடு, மகப்பேற்று மருத்துவம் உட்படப் பல நூல்களையும் தமிழாக்கம் செய்திருந்தார். எனினும் ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டத் தயங்கிய பெண்கள் பலர் இருந்ததால், பெண் வைத்தியர்களின் தேவை பெரிதாக இருந்தது.

இலங்கைக்குப் புறப்படும் முன்னர் அமெரிக்காவில் எஸ்.சி.கே. ரட்ணம் என்ற இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவரை மேரி சந்தித்தார். 1896 இல் இருவரும் நியூயோர்க்கில் மணம் புரிந்துகொண்டனர். வெள்ளைக்காரப் பெண்ணொருவர் தாம் ஊழியம் செய்யப்போகும் மக்களில் ஒருவரையே மணந்துகொண்டதை மிஷன் வட்டாரங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. மேரி மிஷன் பணியை இழக்க நேரிட்டது.

கொழும்புக்கு வந்த அவர், பெண்களுக்கான லேடி ஹவ்லொக் மருத்துவமனையில் சிறிது காலம் பணியாற்றிய பின்னர், சொந்தமாக மருத்துவம் செய்யத் தொடங்கினார். அன்று இலங்கையில் பெண் வைத்தியர்கள் மிக அரிது என்பதால், எல்லா இனப் பெண்களும் அவரை நாடிவந்தனர்.

மருந்துக்கு அப்பால்

பெண்களின் நோய்களுக்கு மருந்து மட்டும் போதாது என்பதே அவரது பின்னைய வாழ்க்கையின் அடிப்படையாக அமைந்தது. அடிக்கடி பிள்ளைப்பேறு, போசாக்கின்மை, சுகாதார அறிவின்மை ஆகியவற்றின் வேர்கள் மருத்துவமனைக்கு வெளியே இருந்தன. எனவே சிகிச்சையோடு அமைப்பு வேலையும் சேர்ந்துகொண்டது. 1909 இல் தோன்றிய தமிழ் மகளிர் சங்கத்தின் உருவாக்கத்தில் அவர் பங்கேற்றார். பாடசாலை மாணவருக்கான சுகாதார நூலையும் எழுதினார்.

1927 இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரி அமைக்கப்பட்ட சங்கத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். டொனமூர் ஆணைக்குழுவின் விசாரணைகளைத் தொடர்ந்து, 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்களிக்கும் உரிமையைப் பெற்றனர். கியூபெக் மாகாணத் தேர்தலில் பெண்களுக்கு அந்த உரிமை 1940 இலேயே கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கிராமப்புறப் பெண்களுக்கான லங்கா மகிளா சமித்தியை அவர் 1930 இல் தொடக்கினார். 1897 இல் ஒன்ராறியோவில் உருவான மாதர் கழகங்களே இதற்கு முன்மாதிரியாக அமைந்தன. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான அவர், சட்ட நுணுக்கக் காரணமொன்றினால் அப்பதவியை இழந்தார்.

சர்ச்சைக்குரிய பணி

குடும்பக் கட்டுப்பாடு குறித்து வெளிப்படையாகப் பேசுவதே பண்பற்றதாகக் கருதப்பட்ட 1930களில், கொழும்பில் அதற்கான சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கும் முயற்சியில் அவர் ஈடுபட்டார். அந்த முயற்சி நீடிக்கவில்லை. ஏறத்தாழ அதே வேளையில், 1936 இல், கருத்தடை பற்றிய தகவல்களை வீடுவீடாக வழங்கிய டொரதியா பாமர் என்ற பெண் கனடாவின் ஒட்டாவாவுக்கு அருகே கைது செய்யப்பட்டிருந்தார். நீண்ட வழக்கின் பின்னர் 1937 இல் அவர் விடுதலையானார்.

இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953 இல் நிறுவப்பட்டபோது, அப்போது 80 வயதை எட்டியிருந்த மேரி ரட்ணமும் அதில் இணைந்திருந்தார். 1958 இல் சுவீடன் அரசு இத்துறையில் இலங்கைக்கு உதவ முன்வந்தது. 1965 இல் குடும்பத் திட்டம் அரசின் சுகாதாரச் சேவையில் இடம்பெற்றது. பொதுச் சேவைக்கான மகசேசே விருது 1958 இல் மேரி ரட்ணத்துக்கு வழங்கப்பட்டது. 1962 இல் அவர் காலமானார்.

அவருக்குப் பின்னர்

1930களில் இலங்கையில் 1,00,000 பிறப்புகளுக்குச் சுமார் 2,000 தாய்மார் உயிரிழந்தனர். அண்மைய ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை 30 முதல் 40 வரையாகக் குறைந்துள்ளது. மலேரியா ஒழிப்பு, நோயெதிர்ப்பு மருந்துகள், இலவச மருத்துவம், பயிற்றப்பட்ட மருத்துவிச்சிகள், பெண்கல்வி ஆகியவை இதற்கான முக்கிய காரணங்கள். இதனைத் தனியொருவரின் சாதனையாகக் கொள்ள முடியாது. எனினும் வாக்குரிமை பெற்ற பெண்களின் கோரிக்கைகளை அரசுகள் புறக்கணிக்க முடியாமற்போனதும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதியே.

அதே நேரம், குடும்பத் திட்டத்தின் வரலாறு முழுவதும் பெருமைக்குரியதல்ல. இந்தியாவில் 1975 முதல் 1977 வரையிலான அவசரநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடைகள் நடந்தன. இலங்கையில் மலையகத் தோட்டப் பெண்களுக்குச் செய்யப்பட்ட கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் உண்மையான சம்மதத்துடன் நடைபெற்றனவா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். போருக்குப் பின்னர், 2013 இல், கிளிநொச்சி மாவட்டத்தின் சில கிராமங்களில் பெண்களுக்கு அழுத்தம் கொடுத்துக் கருத்தடை செய்யப்பட்டதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன.

ஒரே மருத்துவ வசதி, பெண்ணின் கையில் இருக்கும்போது உரிமையாகவும், அதிகாரத்தின் கையில் இருக்கும்போது அடக்குமுறையாகவும் மாறக்கூடும் என்பதையே இவை காட்டுகின்றன. மேரி ரட்ணம் மருத்துவத்தையும் வாக்குரிமையையும் ஒரே காலத்தில் கையிலெடுத்ததன் பொருத்தம் இங்குதான் தெளிவாகிறது. கருத்தரிப்புச் சிகிச்சை பெரிதும் முன்னேறியுள்ள இன்றும், சென்ட் லோரன்டில் என்றாலும் கிளிநொச்சியில் என்றாலும், முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வியே முதன்மையானதாக இருக்கிறது.