கல்வி தாங்கிப் பிடித்த மனிதர்: இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்)



படிப்பு எதற்கு என்று கேட்டால், சம்பாதிக்க என்றுதான் நம் பிள்ளைகள் சொல்வார்கள். நாம் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஆனால் கற்ற கல்வி, சோதனை வரும் நேரத்தில் ஒரு மனிதரை எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 164ல் பக்தாதில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள், தாயார்தான் வளர்த்தார்கள். பஜ்ருக்கு முன்பே பாடம் கேட்கப் புறப்பட்டு விடும் மகனை, பாங்கு சொல்லும் வரையாவது இருக்கச் சொல்லி, அந்தத் தாய் ஆடையைப் பிடித்து நிறுத்துவார்களாம். இன்று பஜ்ருக்குப் பிள்ளைகளை எழுப்பவே நம் வீட்டுத் தாய்மார்கள் போராடுகிறார்கள்!

கூஃபா, பஸரா, மக்கா, மதீனா என ஹதீஸைத் தேடி அலைந்தார்கள். யமனில் இருந்த இமாம் அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) அவர்களை மக்காவிலேயே சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. இங்கேயே பாடம் கேட்டு விடலாம், பயணம் மிச்சம் என்றார் உடன் வந்த தோழர். ஆனால் ஸன்ஆ சென்று கற்பதாக வைத்த நிய்யத்தை மாற்ற இமாமவர்களுக்கு மனம் வரவில்லை. யமனுக்கே சென்றார்கள். வழியில் பணம் தீர்ந்தபோது சுமை தூக்கிக் கூலி வாங்கினார்கள், எவரிடமும் கையேந்தவில்லை. 27,000க்கும் அதிகமான ஹதீஸ்கள் கொண்ட முஸ்னத் இப்படிப்பட்ட உழைப்பில் உருவானதுதான்.

ஹிஜ்ரி 218ல் சோதனை வந்தது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி கலீஃபா மஃமூன் அறிஞர்களை நிர்ப்பந்தித்தார். பலர் உயிருக்கு அஞ்சி வாயளவில் ஒப்புக்கொண்டார்கள். நிர்ப்பந்தத்தில் உள்ளவருக்கு மார்க்கத்தில் அந்தச் சலுகை உண்டு. இமாமவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஏன்?

மாணவர் ஒருவர் அந்தச் சலுகையை நினைவூட்டியபோது, வெளியே பார்த்து வரச் சொன்னார்கள். அங்கே மக்கள் காகிதமும் எழுதுகோலுமாகக் காத்திருந்தார்கள், அஹ்மத் என்ன சொல்கிறாரோ அதை எழுதிக்கொள்ள! அத்தனை பேரையும் வழிகெடுப்பதை விடத் தாம் இறப்பதே மேல் என்று இமாமவர்கள் முடிவு செய்தார்கள்.

மஃமூனுக்குப் பின் வந்த முஃதஸிமின் அவையில், குர்ஆனிலிருந்தோ நபி (ஸல்) அவர்களின் சுன்னத்திலிருந்தோ ஓர் ஆதாரம் காட்டுங்கள் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பதிலாகக் கிடைத்தது கசையடி. மயங்கி விழும் வரை அடித்தார்கள். சுமார் 28 மாதச் சிறை. வெளியே வந்த பிறகு, தம்மை அடிக்க உத்தரவிட்ட முஃதஸிமை மன்னித்து விட்டார்கள்.

ஹிஜ்ரி 241ல் ஒரு வெள்ளிக்கிழமை வஃபாத்தானார்கள். ஜனாஸாவுக்கு பக்தாதே திரண்டு வந்தது. சாட்டை பிடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அடிபட்டவரின் பெயரில் ஒரு மத்ஹபே இருக்கிறது. இதுதான் வெற்றி.

சகோதரர்களே! நமக்குச் சாட்டை வராது. ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்து, ஒரு அநியாயத்தில் மௌனம், இந்த அளவில்தான் நம் சோதனை வரும். அப்போது நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் எழுதுகோல் இல்லாமல் இருக்கலாம், மனதில் எழுதிக்கொள்கிறார்கள்.

கற்றதைக் கொண்டு உறுதியாக நிற்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.