லுட்விக் மாண்ட்: கறுத்த வால்வில் பிறந்த ரசாயனம்

உலோகத்தை உருக்கலாம், அடித்து நீட்டலாம். ஆனால் அதைக் காற்றைப் போலக் குழாயில் ஓடவிட முடியுமா? நிக்கலை அவ்வாறு ஓடவிட்டுக் காட்டியவர் லுட்விக் மாண்ட்.

ஜெர்மனியில் காசல் நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் 1839 மார்ச் 7-ந் தேதி அவர் பிறந்தார். ஹைடல்பர்க் பல்கலைக் கழகத்தில் புன்சனிடம் ரசாயனம் பயின்றார். ஆனால் பட்டம் பெறவில்லை. தொழிற்சாலைகளில் வேலை பார்த்தபின், 1862-இல் இங்கிலாந்து சென்றார். விட்னஸ் என்ற ஊரிலிருந்த சோடா ஆலையில், கழிவிலிருந்து கந்தகத்தை மீட்கும் தமது முறையைச் செயல்படுத்தினார்.

அதே ஆலையின் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர் ஜான் பிரன்னர். இருவரும் நண்பர்களாகி, 1873-இல் கூட்டுச் சேர்ந்தனர். பெல்ஜியம் நாட்டு சால்வே கண்ட முறையில் உப்பு, சுண்ணாம்புக்கல், அம்மோனியா ஆகியவற்றைக் கொண்டு சலவைச் சோடா தயாரிக்க, வின்னிங்டன் என்ற இடத்தில் ஆலை எழுப்பினர். உற்பத்தி தொடங்கியதுமே தொல்லையும் தொடங்கியது. இயந்திரங்கள் அடிக்கடி பழுதாயின. கைமுதல் கரைந்தது. மாண்ட் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, இரவு பகல் பாராமல் ஒவ்வொரு பழுதையும் தேடிச் சரி செய்தார். சில ஆண்டுகளில் ஆலை லாபம் காட்டியது. 1889-இல் அங்கே 12 மணி நேர ஷிப்டு 8 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. அக்காலத்தில் அது பெரிய காரியம்.

அந்தச் சமயத்தில்தான் வால்வுத் தொல்லை வந்தது. சோடா தயாரிப்பில் வீணாகும் பொருளிலிருந்து குளோரின் எடுக்க மாண்ட் முயன்றார். சோதனைக் கூடத்தில் ஒழுங்காக இயங்கிய நிக்கல் வால்வுகள், ஆலையில் கரி படிந்து கறுத்து ஒழுகின. வால்வை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மாண்ட் காரணத்தைத் தேடினார். ஆலை வாயுவில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பது தெரிந்தது. கரி அரைகுறையாக எரியும்போது உண்டாகும் நச்சு வாயு அது.

உதவியாளர்கள் லாங்கர், குயின்கே ஆகியோருடன், நிக்கல் தூளின்மேல் அந்த வாயுவைச் செலுத்தி ஆராய்ந்தார். வெளிவரும் நச்சு வாயுவை அறையில் பரவவிடாமல் கொளுத்திவிடுவார்கள். அது நீலமாக எரியும். ஒரு நாள் கருவி ஆறும்போது, சுவாலை பிரகாசமாகி மஞ்சள் கலந்த பச்சையாக மாறியது. வாயு வரும் குழாயைச் சூடாக்கினார்கள். உட்புறம் பளபளவென்று நிக்கல் படிந்தது. உலோகம் வாயுவோடு சேர்ந்து தானும் வாயுவாகியிருந்தது! நிக்கல் கார்பனைல் என்ற அந்தப் பொருளை 1890-இல் அறிவித்தனர்.

மாண்ட் அதையே தொழிலாக்கினார். மட்டமான நிக்கலின்மேல் வாயுவைச் செலுத்தினால், நிக்கல் மட்டும் வாயுவாகப் பிரிந்து வரும். அதைச் சுமார் 180 டிகிரிக்குச் சூடாக்கினால் சுத்தமான நிக்கல் கிடைக்கும். வேல்ஸ் நாட்டில் கிளைடாக் என்ற ஊரில் 1902-இல் இதற்கென ஆலை எழுந்தது. அந்த வாயு கொடிய நஞ்சு. தொடக்கத்தில் தொழிலாளர் சிலர் அதற்குப் பலியானதும் உண்டு.

சேர்த்த செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்கு டேவி-பாரடே ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்துக் கொடுத்தார். 1896-இல் அது திறக்கப்பட்டது. 1909 டிசம்பர் 11-ந் தேதி மாண்ட் காலமானார். பிரன்னர்-மாண்ட் கம்பெனி 1926-இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் இணைந்தது, பின்னர் தனியே பிரிந்து, 2006-இல் நமது டாட்டா கெமிக்கல்ஸ் வசமாயிற்று.

நிக்கல் கார்பனைலின் உள்ளமைப்பு மாண்ட் காலத்தில் விளங்கவில்லை. அதை முதலில் காட்டியது எலக்ட்ரான் சிதறல் ஆராய்ச்சி. எக்ஸ்ரே படிக ஆராய்ச்சியின் முன்னோடியான வில்லியம் ஹென்றி பிராக், 1923-இல் மாண்ட் தந்த அதே கூடத்துக்குத் தலைவரானார். நடுவில் ஒரு நிக்கல் அணு, சுற்றிலும் நான்கு கார்பன் மோனாக்சைடு என்று பின்னர் தெளிவாயிற்று. பல உலோக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த கார்பனைல் கொத்துகளும் உருவாக்கப்பட்டன. அவற்றில் சில கார்பன் மோனாக்சைடுகளை நீக்கி, பாஸ்பீன் என்னும் பாஸ்பரஸ் சேர்மங்களைப் பொருத்தினால் குணமே மாறுகிறது. எந்த அணு எங்கே இருக்கிறது என்பதைப் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சிக் கண்டறிகிறார்கள்.

இத்தனைக்கும் வழி திறந்தது, ஒழுகிய ஒரு வால்வு. அதைத் தூக்கி எறியாமல், ஏன் கறுத்தது என்று கேட்டவர் மாண்ட்.