மலர் தேடிய புலவர்

ஜப்பான் நாட்டில் இளவேனில் தோன்றியதும் சகுரா மரங்கள் பூத்துப் பொலியும். வெண்மையும் இளஞ்செம்மையும் கலந்த அம்மலர்கள் சில நாள்களே நிலைத்துப் பின் உதிர்ந்துவிடும். அவற்றைக் கண்டு மகிழ அந்நாட்டு மக்கள் மலைகளையும் சோலைகளையும் நாடிச் செல்வர். அவ்வாறு நாடெங்கும் நடந்த புலவர்களுள் தலைசிறந்தவர் மட்சுவோ பாஷோ.

இவர் 1644-ஆம் ஆண்டில் இகா நாட்டு உவேனோ என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் அவ்வூர்த் தலைவரின் குடியிற்பிறந்த யோஷிதாதா என்பாரிடம் பணியாற்றினார். இருவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். கவி புனைவதில் ஒத்த வேட்கையினர். ஆதலின் அவர்களிடையே நட்பு வளர்ந்தது. ஆனால், 1666-ஆம் ஆண்டில் யோஷிதாதா இளமையிலேயே உயிர் நீத்தார். பாஷோ அப்பணியை விட்டு அகன்றார்.

பின்னர் அவர், இன்று டோக்கியோ என வழங்கும் எடோ நகரை அடைந்து புலமையாற் புகழ் பெற்றார். மாணவர் பலர் அவரைச் சூழ்ந்தனர். எனினும் நகரின் ஆரவாரத்தை வெறுத்து, 1680-ஆம் ஆண்டில் ஆற்றங்கரைக் குடில் ஒன்றில் குடிபுகுந்தார். மாணவர் ஒருவர் அளித்த வாழைக்கன்று அதன் முன்றிலில் தழைத்தது. அக்குளிர்நாட்டில் அவ்வாழை உண்ணத்தகும் கனி தருவதில்லை. அதன் இலைகளோ காற்றிற் கிழிபடுவன. ஆயினும் அவர் அதனைப் பெரிதும் விரும்பினார். பாஷோ என்பது அவ்வாழையின் பெயர். அதுவே புலவர்க்கும் பெயராயிற்று. சில ஆண்டுகளில் அக்குடில் பெருந்தீயில் அழிந்தது. அதன்பின் வழிநடையே அவர் வாழ்வாயிற்று.

1688-ஆம் ஆண்டின் இளவேனிலில் பாஷோ உவேனோவிற்கு வந்திருந்தார். யோஷிதாதாவின் மைந்தர் அவரைத் தம் தோட்டத்து மலர்களைக் காண அழைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. மலர்கள் மீண்டும் பூத்திருந்தன; நண்பர் மட்டும் இல்லை. பழைய நினைவுகள் பலவும் புலவர் நெஞ்சில் ஒருங்கே எழுந்தன.

அங்கிருந்து அவர் மாணவர் ஒருவருடன் யோஷினோ மலைக்குச் சென்றார். அம்மலையில் அடிவாரத்துச் சகுரா முதலில் மலரும். பின்னர் மலர்ச்சி படிப்படியாக உச்சி நோக்கி ஏறும். முன்னோர் பலர் பாடிய அம்மலையைப் பாடும் ஆவலோடு சென்ற பாஷோ அங்கு மூன்று நாள் தங்கினார். விடியலிலும் அந்தியிலும் மலர்களைக் கண்டார். ஆயினும் உள்ளம் நிறைந்தமையால் நா எழவில்லை. தம்மாற் பாட இயலவில்லை என்பதைத் தம் வழிநடை நூலில் அவர் மறையாது எழுதினார்.

அடுத்த ஆண்டு, 1689-இல், தம் குடிலைப் பிறர்க்கு விட்டு, சோரா என்னும் மாணவருடன் வடநாடு நோக்கி நடந்தார். நடுக்கோடையில் காஸ்ஸான் என்னும் உயர்ந்த மலையில் ஏறி இறங்குங்கால் ஒரு பாறைமேல் இளைப்பாறினார். அங்கே மூன்றடி உயரமே உள்ள சகுரா மரமொன்று பாதி விரிந்த அரும்புகளுடன் நின்றது. பனியிற் புதைந்திருந்தும் அது இளவேனிலை மறந்திலது. யோஷினோவின் பெருஞ்சோலைமுன் பேச்சிழந்த புலவர் இச்சிறுமரத்தின் உறுதியைத் தம் நூலில் வியந்து எழுதினார்.

1694-ஆம் ஆண்டில், மற்றுமொரு பயணத்தின் இடையே, ஒசாகா நகரில் பாஷோ மறைந்தார். அவர் விரும்பியவாறே பிவா ஏரியை அடுத்த கிச்சூஜி என்னும் கோயிலில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. பேரழகின்முன் அடங்கி நிற்கவும், சிறு பூவிடத்தும் பெருமை காணவும் வல்லது அவர் உள்ளம். அவ்வுள்ளம் நமக்கும் வாய்க்குமாயின், நாம் நடக்கும் வழியெல்லாம் இனிய வழியே ஆகும்.