கறுப்பு வெள்ளையில் ஒரு காடு

தென்னிந்திய மலைக்காடுகளையும் அவற்றில் வாழும் உயிர்களையும் கறுப்பு வெள்ளை நிழற்படங்களில் பதிவு செய்து வைத்தவர் மா. கிருஷ்ணன். அவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை எழுதிய அ. மாதவையா அவருடைய தந்தை. தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் மாதவையாவுக்குத் தனி இடம் உண்டு. அவருடைய எட்டுப் பிள்ளைகளுள் கிருஷ்ணனே கடைக்குட்டி.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்று அப்பகுதியில் கட்டடங்களுக்கு இடையே ஒரு முழ நிலம் கிடைப்பதும் அரிது. கிருஷ்ணன் சிறுவனாக இருந்தபோதோ வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு இருந்தது, நரிகள் திரிந்தன, பறவைகளுக்குக் குறைவில்லை. அவர் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். அந்த மகிழ்ச்சியான காலம் நீடிக்கவில்லை. 1925ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசிய மாதவையா அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் தாவரவியல் பயின்றார். அங்கே பேராசிரியராக இருந்த பைசன், நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைத் தேடி ஆராய்ந்து நூல் எழுதிய ஆங்கிலேயர். பேராசிரியரும் அவர் மனைவியும் செடிகளைத் தேடி மலைக்குச் செல்லும்போது கிருஷ்ணனும் உடன் சென்றார். செடியை இனங்காணப் பேராசிரியர் கற்றுத் தந்தார். நீர்வண்ண ஓவியம் தீட்ட அவர் மனைவி கற்றுத் தந்தார். வரைபவன் ஓர் இலையை மேலோட்டமாகப் பார்க்க முடியாது. நரம்பு எப்படி ஓடுகிறது, ஓரம் எப்படி வளைகிறது, ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று நின்று பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அவர் கையில் நிழற்படக் கருவி வந்தபோது இந்தப் பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது.

பட்டங்கள் வேலையைக் கொண்டு வரவில்லை. அவர் சட்டமும் படித்துப் பார்த்தார். சிறு இதழ்களுக்குக் கட்டுரை எழுதினார், கேலிச்சித்திரமும் வரைந்தார். 1942ஆம் ஆண்டு பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் என்னும் சிறிய அரசில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அவர் அங்கே வகித்தார். எஞ்சிய நேரத்தைக் காட்டில் கழித்தார். ஆடுகளும் மேய்த்துப் பார்த்தார். 1949இல் சந்தூர் இந்தியாவுடன் இணைந்தபோது அவருக்கு அரசாங்க வேலை காத்திருந்தது. அதை ஏற்றிருந்தால் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதி. அவர் அதை மறுத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 37, குடும்பமும் இருந்தது. எழுத்தையும் படத்தையும் மட்டுமே நம்பி, அதுவும் காட்டைப் பற்றி எழுதிப் பிழைப்பது என்பது அன்றைய இந்தியாவில் எவரும் துணியாத செயல். பணம் அவரிடம் எப்போதும் குறைவாகவே இருந்தது.

1950ஆம் ஆண்டு கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்த அந்தப் பத்தியை 46 ஆண்டுகள் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுக் கூரையில் வந்தமரும் காகத்தைப் பற்றியும் எழுதினார்.

விலையுயர்ந்த கருவி வாங்க அவருக்கு வசதியில்லை. ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் மற்றொரு நிறுவனத்தின் தொலைவில்லையையும் வேறு உதிரிப் பாகங்களையும் தாமே இணைத்து ஒரு கருவியை உருவாக்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரோ அந்தக் கனத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதையே காட்டுக்குச் சுமந்து சென்றார்.

காட்டில் படம் எடுப்பதன் தொல்லை வெளிச்சம்தான். மரக்கிளைகள் வானத்தை மூடிக்கொள்ளும். உச்சி வெயிலில் இலைகளின் இடைவெளி வழியே ஒளி திட்டுத் திட்டாக விழுந்து, விலங்கின் உடலையே துண்டு துண்டாகக் காட்டும். தொலைவில்லைக்கோ மிகுந்த ஒளி தேவை. ஒளி போதாதபோது திரையை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் விலங்கு அசைந்தால் படம் கலங்கிவிடும். முதுமலை, பந்திப்பூர் காடுகளில் கிருஷ்ணன் நடந்தும், பழக்கப்பட்ட யானையின் மீதமர்ந்தும் சென்றார். யானை மீதிருக்கும் மனிதனைக் கண்டு காட்டு விலங்குகள் அவ்வளவாக மிரள்வதில்லை. ஆனால், யானை மூச்சு விடும்போதும் மேலே இருப்பவரின் கை ஆடும்!

ஏரிக்கரையில் நிலைமை வேறு. அவர் யானைகளைக் கவனித்த இடங்களுள் பெரியாறு ஏரியும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது பள்ளத்தாக்கில் இருந்த காடு நீரில் மூழ்கியது. பட்டுப்போன அந்த மரங்களின் கரிய கட்டைகள் இன்றும் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. அதிகாலையில் மூடுபனி விலகும்போது சாய்ந்து வரும் ஒளி அக்கட்டைகளின் மீதும், நீர் அருந்த வரும் யானைகளின் முதுகின் மீதும் விழும். சாம்பல் நிற யானை, சாம்பல் நிற நீர், கறுத்த மரம் ஆகியவற்றை வண்ணமின்றிப் பிரித்துக் காட்ட ஒளியும் நிழலும் மட்டுமே உதவும். வண்ணச் சுருள்கள் பரவலாகக் கிடைத்த பிறகும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்பவர் யோசமிட்டி மலைகளையும் ஏரிகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து உலகப் புகழ் பெற்றார். தாம் விரும்பிய ஒளி வரும் வரை ஆடம்ஸ் காத்திருக்கலாம். மலை எங்கும் போய்விடாது. கிருஷ்ணனின் யானை காத்திருக்காது. ஒளியும் விலங்கும் ஒன்றாகக் கூடும் சில நொடிகளுக்காக அவர் பல நாள்கள் அலைய வேண்டியிருந்தது.

1968ஆம் ஆண்டு அவருக்கு ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. அதன் துணையோடு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். மலேசியாவில் செலாடாங் என்றும் ரூசா என்றும் அழைக்கப்படும் காட்டெருதும் கடமானும் அவருடைய குறிப்புகளில் இடம்பெற்ற விலங்குகளே. காடு எவ்வளவு விரைவாகச் சுருங்கி வருகிறது என்பதை அவர் கண்கூடாகக் கண்டார். பின்னர் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் பணியாற்றினார்.

மரங்களைப் பொறுத்தவரை அவர் பிடிவாதக்காரர். சாலையோரத்திலும் பூங்காவிலும் அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். மண்ணுக்குரிய மரங்களையே நட வேண்டும் என்று வாதிட்டார். நீலகிரியின் புல்வெளிகளைத் தைல மரமும் சீகை மரமும் விழுங்கியதைப் பார்த்தால் அவர் கோபம் புரியும். மலாக்காத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். தான் சே யான் 1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நட்ட இரப்பர், பிரேசில் நாட்டு மரம். அந்த மரம்தான் இங்கே பல தலைமுறைத் தமிழர்களுக்குச் சோறு போட்டது. அது வேரூன்றுவதற்காகப் பழைய காடுகள் அழிக்கப்பட்டதும் உண்மையே.

கிருஷ்ணன் ஆங்கிலத்தில் மட்டும் எழுதவில்லை. பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஊர் மக்கள் வழங்கும் பெயர்களைப் பயன்படுத்தித் தமிழிலும் கட்டுரைகள் எழுதினார், கலைக்களஞ்சியத்திற்கும் பங்களித்தார். அக்கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்ட நூல்களுள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ ஒன்று. தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன்.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. முதுமையிலும் அவர் பத்தி எழுதுவதை நிறுத்தவில்லை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவருடைய கடைசிப் பத்தி வெளியானது. அன்றே அவர் காலமானார்.